தேயிலைத் தொழிற்சாலையில் தேத்தண்ணி ருசி பார்ப்பது எப்படி: மலையகப் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலை பார்க்கப் போகும் பலருக்கும் கிடைப்பது ஒரே மாதிரியான அரை மணி நேரம்தான். வழிகாட்டியின் பின்னால் மாடி ஏறி இறங்குவார்கள். கடைசியில் ஒரு கோப்பை தேத்தண்ணி வரும். குடித்துவிட்டு இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு வேனில் ஏறிவிடுவார்கள். அந்தக் கோப்பை நல்லதா, சுமாரா என்று சொல்ல அவர்களுக்கு வழியே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொரு கோப்பை இருக்கவில்லையே. இரண்டு மூன்று தூள்களை ஒரே அளவில் எடுத்து, ஒரே நேரத்துக்கு ஊறவைத்து, வரிசையாக வைத்துக் குடித்தால்தான் தேயிலையின் வித்தியாசம் நாக்குக்குப் பிடிபடும். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் அன்றாடம் இதைத்தான் செய்கிறார். அவருடைய மேசை வரைக்கும் நீங்கள் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்குப் பிறகு இந்த மலைகள் எல்லாம் தேயிலையாக மாறியது மலையகத் தமிழர்களான நம் ஆட்களின் உழைப்பால். ஆனால் நல்ல தூள் கொழும்பு ஏலத்துக்குப் போய்க் கப்பல் ஏறிவிடுகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் டஸ்ட் என்கிற பொடித் தூள்தான். நம்மவர்கள் எடுத்த கொழுந்து உண்மையில் எப்படி ருசிக்கும் என்று நம்மவர்களே உட்கார்ந்து குடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதல் படி: எந்த மாதம், எந்தப் பக்கம்

மலையகம் முழுவதும் ஒரே நேரத்தில் நல்ல தூள் வராது. இதைத் தெரிந்துகொண்டு பயணத்தை வைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை எல்லாம் சேர்ந்த டிம்புள பக்கமும் நுவரெலியாவும் மலையின் மேற்குப் புறம். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை பகலில் உலர்ந்த வெயில், இரவில் கடும் குளிர். கொழுந்து மெதுவாக வளரும். அப்படி வளரும் கொழுந்தில்தான் வாசம் சேரும். பதுளை, பண்டாரவளை, எல்ல, அப்புத்தளை அடங்கிய ஊவாவில் காலம் வேறு. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஊவாவுக்கு உலர்ந்த காற்றாக வந்து இறங்கும். அதுதான் கச்சான் காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்று செடியை வாட்டி எடுக்கும்போது, இலைக்குள் மென்தால் போன்ற ஒரு குளிர்ந்த வாசம் உருவாகும். உலகத்தில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த வாசம்தான். ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் ஆகஸ்டில் ஊவாவுக்குப் போங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

ஏப்ரல், மே மாதங்களில் மழை பட்டுக் கொழுந்து மளமளவென்று வரும். தொழிற்சாலை இரவும் பகலும் ஓடும். இயந்திரங்கள் பார்க்க நல்ல காலம், ஆனால் ருசி சாதாரணமாக இருக்கும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், வாகன நெரிசலில் பாதி நாள் போய்விடும்.

இரண்டாம் படி: தொழிற்சாலையைத் தெரிவு செய்தல்

கண்டியில் தங்குகிறவர்கள் ஹந்தானையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் தொடங்கலாம். பழைய தொழிற்சாலைக் கட்டடம் அது. இலையை உருட்டும் பழைய ரோலர்களையும் உலர்த்தும் இயந்திரங்களையும் அருகில் நின்று பார்க்கலாம், மேல் மாடியில் தேத்தண்ணி குடிக்கலாம். கண்டியிலிருந்து நுவரெலியா போகும் பாதையில் லபுக்கலைத் தோட்டம் வரும். பெரிய இடம், பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குவார்கள். நுவரெலியா நகரத்தை ஒட்டி பீட்ரு தோட்டம் இருக்கிறது, கூட்டம் குறைவு. அப்புத்தளையிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தம்பேதன்னை தொழிற்சாலை 1890 இல் தோமஸ் லிப்டன் கட்டியது. அதைத் தாண்டி மேலே ஏறினால் அவர் உட்கார்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லும் லிப்டன் சீட். எல்ல பக்கம் ஹல்பேவத்தை தொழிற்சாலையில் பல ரகத் தூள்களை வரிசையாக வைத்து ருசி பார்க்க விடுவார்கள். அம்பதண்டேகமையில் அம்பா தோட்டம் இவை எல்லாவற்றிலும் சின்னது. அங்கே கையால் உருட்டிச் சிறிய அளவில் தேயிலை செய்கிறார்கள்.

பெரிய இடமா, சின்ன இடமா என்று கேட்டால், ருசி பார்க்கச் சின்ன இடம்தான் நல்லது. பெரிய இடத்தில் உங்களைக் கவனிப்பது விற்பனைப் பகுதி ஆட்கள். சின்ன இடத்தில் தூளைச் செய்தவரே உங்கள் எதிரில் நிற்பார். அதிலும் விளம்பரப் பலகையே இல்லாத தோட்டத் தொழிற்சாலைகள் நிறைய உண்டு. உங்களுக்குத் தெரிந்த யாராவது அந்தத் தோட்டத்தில் இருந்தால், அவர் மூலம் தோட்ட நிர்வாகியான துரையிடமோ டீமேக்கரிடமோ முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நமக்கு இருக்கும் பெரிய வசதி அது.

மூன்றாம் படி: தொலைபேசியில் என்ன கேட்பது

“பெக்டரி பார்க்கலாமா?” என்று மட்டும் கேட்டால், “வாங்க, எப்பவும் திறந்திருக்கும்” என்ற பதில்தான் வரும். கேட்க வேண்டியவை மூன்று. நாளைக்கு மெஷின் ஓடுமா? எத்தனை மணிக்கு டீமேக்கர் தூள் ருசி பார்ப்பார்? அந்த நேரத்தில் நாங்களும் நின்று இரண்டு மூன்று தூள் ருசி பார்க்க முடியுமா, அதற்குக் கட்டணம் எவ்வளவு? மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் எதிர்முனையில் குரல் மாறும். வெறும் சுற்றுலாவுக்கு வரவில்லை என்று புரிந்துகொள்வார்கள்.

நாள் விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. பகலில் எடுத்த கொழுந்து மாடியில் 12 முதல் 18 மணி நேரம் வரை வாட வேண்டும். ஆகவே இன்று எடுத்தது நாளை விடியற்காலையில்தான் ரோலருக்கு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுக்காத தோட்டத்தில் திங்கள் காலை அரைக்க ஒன்றும் இருக்காது. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்துக்கும் மறுநாளுக்கும் இதே கதைதான். செவ்வாய் முதல் சனி வரை, காலை 8 மணிக்கு முன்பே வாசலில் நிற்பது போலத் திட்டம் போடுங்கள். பிற்பகல் 3 மணிக்குப் போனால் பல இடங்களில் கழுவித் துடைத்த இயந்திரங்களைத்தான் பார்ப்பீர்கள்.

நான்காம் படி: நாக்கையும் மூக்கையும் தயார் செய்தல்

வாசனைத் திரவியம், வாசமான தலை எண்ணெய், மல்லிகைப்பூ மூன்றும் அன்று வேண்டாம். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் தொழிற்சாலைக்காரர்களுக்கும் அது பிடிக்காது. வெற்றிலை, சிகரட் கூடாது. பஸ் நிலையத்தில் சுடச்சுட வடை வாங்கிச் சாப்பிட மனம் இழுக்கும். வரும்போது சாப்பிடலாம், போகும்போது வேண்டாம். அதற்காக வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், சாயம் கூடின தேத்தண்ணி நாலைந்து வாய் உள்ளே போனதும் குமட்டும். ஒரு பணிஸ், கொஞ்சம் தண்ணீர் போதும்.

ஒரு ஸ்வெட்டர், வழுக்காத சப்பாத்து. தொழிற்சாலைக்குள் தலைக்கு உறையும் மேலங்கியும் தருவார்கள். மரப்படிகள் செங்குத்தாக இருக்கும், சேலையிலோ நீண்ட பாவாடையிலோ போகிறவர்கள் கவனமாக ஏற வேண்டும்.

ஐந்தாம் படி: தொழிற்சாலைக்குள் எதைக் கவனிப்பது

வழிகாட்டி எல்லாவற்றையும் சொல்வார். அதில் பின்னால் ருசியில் தெரியப்போகிறவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

மாடியில் நீளமான தொட்டிகளில் கொழுந்து பரப்பியிருக்கும், கீழிருந்து காற்று ஊதும். புதுக் கொழுந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அது குறைந்து, கையில் எடுத்துக் கசக்கினால் நொறுங்காமல் துணி போல மடிய வேண்டும். அனுமதி கேட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எத்தனை, முற்றின இலையும் தண்டும் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், கோப்பை எப்படி இருக்கும் என்பதில் பாதியை அங்கேயே சொல்லிவிடலாம். கொழுந்து மோசமாக இருந்தால் கீழே எந்த இயந்திரமும் அதைச் சரி செய்யாது.

கீழே ரோலர் இலையை உருட்டி நசுக்கும். சாறு வெளியே வந்து காற்றுப் படும். சல்லடையில் சலித்து விழுவது முதல் தூள், மிச்சத்தை மறுபடி உருட்டி எடுப்பது இரண்டாம் தூள், அப்புறம் மூன்றாம் தூள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தரையிலோ மேசையிலோ பரப்பிப் புளிக்க விடுவார்கள். கொஞ்ச நேரம் அந்தப் பரப்பின் அருகில் நில்லுங்கள், அவசரப்பட வேண்டாம். முதலில் பச்சை இலை வாசம் வரும். பச்சை நிறம் செம்பு நிறமாக மாற மாற அந்த வாசம் போய்ப் பழ வாசம் எழும். அது உச்சத்தில் இருக்கும்போது உலர்த்தும் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தேத்தண்ணி பச்சையாகக் கடிக்கும், பிந்தினால் உயிரில்லாமல் சப்பென்று ஆகிவிடும். இதைக் கடிகாரம் முழுதாகச் சொல்லித் தராது. அன்றைய குளிர், ஈரம், கொழுந்தின் தன்மை எல்லாவற்றையும் பார்த்து ஒரு மனிதர் தன் மூக்கை நம்பி முடிவெடுக்கிறார். தொழிற்சாலையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது.

உலர்த்தியில் சுமார் 20 நிமிடம். வெளியே வரும்போது ஈரம் 3 சதவீத அளவில்தான் இருக்கும். அதன்பின் சலித்து ரகம் பிரிப்பார்கள். ஓ.பி. (ஒரேஞ்ச் பெக்கோ) என்பது நீண்ட முறுக்கிய இலை. பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ) அதை விடச் சிறியது, பி.ஓ.பி.எஃப். (அதே பெயரோடு ஃபேனிங்ஸ்) இன்னும் சிறியது, டஸ்ட் கடைசி. இது அளவை வைத்துப் பிரித்ததே தவிர, தரத்தை வைத்துப் பிரித்ததல்ல. ஒரு நல்ல தோட்டத்தின் டஸ்ட், சுமாரான தோட்டத்தின் ஓ.பி.யை விட நன்றாக இருக்கலாம்.

ஆறாம் படி: டீமேக்கரின் மேசை

ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில், வரிசையாக வெள்ளைப் பீங்கான் பாத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் விளிம்பில் பல் வெட்டிய ஒரு மூடியுள்ள குவளை, பிடியில்லாத ஒரு கிண்ணம். முன்னால் சின்னத் தகரத்தில் காய்ந்த தூள். சர்வதேச முறைப்படி 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தூள், கொதிக்கும் தண்ணீர், 6 நிமிடம். வீட்டில் குடிப்பதற்கு இது கடுமையான சாயம். குறை ஏதும் இருந்தால் ஒளிந்துகொள்ள முடியாதபடி வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சீனி, பால், இஞ்சி எதுவும் கிடையாது.

முதல் தடவை மூன்று கோப்பை போதும். ஒரே தொழிற்சாலையின், ஒரே நாள் தூளில் ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். கேளுங்கள். ஒரே கொழுந்திலிருந்து வந்தவை என்பதால் அளவு மட்டும் என்ன மாற்றத்தைச் செய்கிறது என்பது தெளிவாகத் தெரியும். அது பிடிபட்ட பிறகு, முடிந்தால் வேறு மலையின் பி.ஓ.பி. ஒன்றைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். மெல்லியதிலிருந்து கடுமையானதற்குப் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது.

குடிக்குமுன் காய்ந்த தூளைப் பாருங்கள். கறுப்பாக, ஒரே அளவாக, இலேசான மினுக்கத்தோடு இருக்க வேண்டும். சாம்பல் பூத்திருந்தால் சலிக்கும்போது அதிகமாக உரசியிருக்கிறார்கள். சிவந்த நாரும் குச்சியும் தெரிந்தால் முற்றின இலை சேர்ந்திருக்கிறது. ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து, வாயால் சூடான மூச்சை ஊதி, உடனே முகருங்கள். காய்ந்த தூள் அப்போதுதான் வாசத்தை விடும்.

6 நிமிடம் முடிந்ததும் குவளையைக் கிண்ணத்தில் கவிழ்ப்பார்கள், பின்னர் ஊறிய இலையை மூடியில் தட்டி வைப்பார்கள். பலரும் இதைக் கவனிக்காமல் நேராகக் கோப்பைக்குப் போய்விடுவது எனக்கு வருத்தம். ஊறிய இலை உண்மை பேசும். புதிய செம்புக் காசின் நிறம் நல்ல வேலைக்கு அடையாளம். பச்சை திட்டுத் திட்டாக இருந்தால் போதிய அளவு புளிக்கவில்லை, கறுத்து மங்கியிருந்தால் புளித்தது மிஞ்சிவிட்டது அல்லது சூடு கூடிவிட்டது. இன்னும் ஆவி பறக்கும்போதே மூக்கை அருகில் கொண்டுபோங்கள். கோப்பையை விட இங்கேதான் வாசம் அதிகம்.

அதன்பின் தேத்தண்ணி. கிண்ணத்தின் விளிம்பில், பீங்கானை ஒட்டி, பொன்னிறத்தில் ஒரு வளையம் தெரிகிறதா பாருங்கள். அந்தத் தெளிவும் பளிச்சும்தான் முதலில் பார்க்க வேண்டியவை, நிறம் அடர்த்தியா வெளிறலா என்பது ரெண்டாம் பட்சம். நுவரெலியாத் தேத்தண்ணி வெளிறலான பொன்னிறம், அதைப் பார்த்துச் சாயமில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்து உரக்க உறிஞ்ச வேண்டும். சத்தம் வரத்தான் வேண்டும். கூச்சப்படாதீர்கள், டீமேக்கர் உங்களை விட உரக்க உறிஞ்சுவார். அப்படி உறிஞ்சும்போது தேத்தண்ணி துளித்துளியாகச் சிதறி வாய் முழுக்கப் படும், வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். மூன்று நொடி வாயில் வைத்துவிட்டுத் துப்புங்கள், அதற்கென்று பாத்திரம் இருக்கும். அந்த மூன்று நொடியில் கேட்க வேண்டியவை: வாயில் கனமாக இருக்கிறதா, தண்ணீராக ஓடுகிறதா? ஈறும் கன்னத்தின் உட்புறமும் சுறுக்கென்று பிடிக்கிறதா? அந்தப் பிடிப்பு சட்டென்று விலகி வாய் சுத்தமாகிறதா, அல்லது கசப்பாகத் தங்கிவிடுகிறதா? துப்பிய பிறகு மூக்கில் என்ன மிச்சம்? சுறுக்கென்று பிடித்து உடனே விலகுவது நல்ல உயர்மலைத் தேயிலையின் குணம். கசப்பாக நாக்கில் உட்கார்ந்துகொள்வது குறை.

புகை வாசம், தீய்ந்த வாசம், பழைய சாக்கு வாசம் வந்தால் வெளிப்படையாகக் கேளுங்கள். நல்ல டீமேக்கர் கோபிக்க மாட்டார், எங்கே தவறியது என்று விளக்குவார். அந்த விளக்கம் பத்துச் சுற்றுலாவுக்குச் சமம்.

பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்து ஆறியதைக் குடியுங்கள். சூட்டில் மறைந்திருந்த குறை ஆறும்போது வெளிவரும். சில கோப்பைகள் ஆறியதும் கலங்கலாகும். கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், தேத்தண்ணியில் சத்து அதிகம் என்பதற்கு அடையாளம் அது.

ஏழாம் படி: பேச்சும் படமும்

சுற்றுலா பொதுவாக ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் தொடங்கும். “தமிழில் சொல்லுங்களேன் தம்பி” என்று கேட்டால், பல இடங்களில் வழிகாட்டுகிறவரும் ரோலருக்குப் பக்கத்தில் நிற்கும் அண்ணனும் நம்மவர்களாகவே இருப்பார்கள். மனப்பாடம் செய்த பேச்சு நின்று உண்மையான பேச்சு தொடங்கும்.

மலையில் கொழுந்து எடுக்கும் அக்காமாரைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். வேலை நேரத்தில் அவர்களை நிறுத்தி வைப்பது அவர்கள் கூடையைக் குறைக்கும். பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ அளவில் கொழுந்து நிறுத்துக் கொடுக்க வேண்டும், குறைந்தால் சம்பளத்தில் தெரியும். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தூள்தான் வரும். அப்படியென்றால் ஒரு பெண் நாள் முழுக்க மலையில் நின்று எடுப்பது நாலு கிலோ தூளுக்கானது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் வைத்துச் சொல்லிக் கொடுங்கள். நிறுவை நடக்கும் நேரத்தில் ஒதுங்கி நின்று பார்க்கலாம், தராசுக்கு நடுவில் போய் நிற்கக்கூடாது.

இயந்திரப் பகுதியில் படம் எடுக்க விடாத தொழிற்சாலைகளும் உண்டு. கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

எட்டாம் படி: வாங்குதல்

ருசி பார்த்த தூளையே வாங்குங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கடைப்பகுதியில் அழகான பெட்டியில் இருப்பது வேறு மாதத் தூளாக, சில வேளை வேறு தோட்டத் தூளாகக்கூட இருக்கலாம். “மேசையில் இருந்த அதே இன்வொய்ஸில் 100 கிராம் கட்டித் தர முடியுமா?” என்று கேட்பதில் தவறில்லை, இன்வொய்ஸ் என்றால் ஒரே தடவையில் செய்த தூள் தொகுதி. பெட்டியில் வாங்கினால் பொதி செய்த திகதியையும் தோட்டத்தின் பெயரையும் பாருங்கள். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருந்தால், முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று அர்த்தம். எந்தத் தோட்டம், எந்தப் பருவம் என்பதை அது சொல்லாது.

வெள்ளி நிற மொட்டுகளை மட்டும் எடுத்து உலர்த்திய சில்வர் டிப்ஸ் விலை அதிகம். பால் தேத்தண்ணி குடித்துப் பழகியவர்களுக்கு அதில் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். ருசி பார்க்காமல் வாங்க வேண்டாம். பால் சேர்த்துக் குடிக்கும் வீட்டுக்கு பி.ஓ.பி.எஃப்., அல்லது கண்டிப் பக்கத்து நடுமலைத் தூள் பொருத்தம். பால் சேர்க்காத பிளேன்டி குடிக்கிறவர்களுக்கு நுவரெலியா ஓ.பி. அல்லது ஊவா பி.ஓ.பி. கிலோக்கணக்கில் ஒன்றை வாங்குவதை விட 100 கிராமாக மூன்று வாங்குவது புத்தி.

ஒன்பதாம் படி: வீட்டில் ஊற்றும்போது

மலையில் ருசித்தது வீட்டில் வரவில்லை என்று பலர் குறைப்படுவார்கள். காரணம் பெரும்பாலும் தண்ணீர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் 94 பாகையளவில் கொதித்துவிடும். கொழும்பில் அதே தூளில் 100 பாகைத் தண்ணீர் விழும்போது சாயம் வேகமாக இறங்கும். கீழ்நாட்டு வீட்டில் ஒரு நிமிடம் குறைத்து ஊறவையுங்கள். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி, 3 நிமிடத்தில் தொடங்கிப் பாருங்கள்.

யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. மெல்லிய நுவரெலியாத் தூளை அது மங்கவைக்கும், மேலே ஆடை போல ஒரு படலமும் கட்டும். அங்கே குடிக்க வாங்குகிறவர்கள் கடுமையான பி.ஓ.பி.எஃப். எடுக்கலாம், அல்லது மெல்லிய தூளுக்கு மட்டும் மழைத் தண்ணீரோ வடித்த போத்தல் தண்ணீரோ பாவிக்கலாம். தூளைக் காற்றுப் புகாத தகர டப்பாவில், மிளகாய்த்தூள், சீரகம் இருக்கும் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். உயர்மலைத் தூளின் வாசம் முதலில் பறந்துவிடும், ஆகவே அந்தப் பொதியை முதலில் உடைத்துக் குடித்து முடியுங்கள்.